மூக்கில் வைக்க மறந்த ஈயம்

முருகானந்தத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அவருடைய ஜோக்குக்குச் சிரித்தே தீர வேண்டும். அதனால் தன்னைப் போல் சிரிக்க வைக்கிறவன் திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது என்ற எண்ணம் ஐம்பது வயதிலும் அவரை விட்டுப் போகவில்லை.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு, அது விமானம். நிஜ விமானம் இல்லை, பெட்டியில் துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக் விமானம். வெட்டி, உரசி, ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்தால் உள்ளங்கையில் உட்காரும். அதிலும் அந்தக் காலத்தில் ராணுவ பைலட்டுகள் ஓட்டிப் பழகிய ஜெட் என்றால் மனுஷனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டு ஃப்ளாட்டின் பால்கனியை இதற்காகவே அடைத்துவிட்டார். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் நாற்றம் தாங்காமல் மனைவி சுபலட்சுமி அந்தப் பக்கத்துக் கதவைத் திறப்பதே இல்லை.

இதே பித்துப் பிடித்தவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஹாலித், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கடை மாடியை அவர்களுக்குத் திறந்துவிடுவார். போன வருஷம் அங்கே புதிதாக வந்து சேர்ந்தவள் இர்பானா. உறையூர்க்காரி, ஒரு ஸ்கூலில் பிசிக்ஸ் டீச்சர். வாம்பயர் என்ற பழைய பயிற்சி ஜெட்டைக் கட்டி, துணியில் பொதிந்து, டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கட்டிய முதல் விமானம். மேஜைமேல் வைத்துக் கையை எடுத்ததும் அது மூக்கைத் தூக்கி, வாலை ஊன்றி உட்கார்ந்துவிட்டது.

இந்த வேலையில் இது சகஜம். மூக்குக்கு அடியில் சக்கரம் இருக்கிற விமானம் என்றால், உடம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவதற்கு முன்பே மூக்குக்குள் எடை வைத்து அடைக்க வேண்டும். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டு போதும். மறந்து ஒட்டிவிட்டால் அவ்வளவுதான், பிறகு உடைக்காமல் உள்ளே எதையும் வைக்க முடியாது.

முருகானந்தம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே ஒரு வரி: ‘பிசிக்ஸ் டீச்சர் கட்டிய விமானம். ஈர்ப்பு மையம் இன்று விடுமுறை.’ சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. யாரோ அதை யாருக்கோ அனுப்ப, அவருக்குத் தெரிந்தவருடைய மகள் அதே ஸ்கூலில் படிக்க, விஷயம் வகுப்புக்குள்ளேயே போய்விட்டது. இர்பானா பாடம் எடுக்க நுழைந்தால் கடைசி பெஞ்சுக்காரர்கள் மல்லாந்து சாய்ந்து காட்டினார்களாம். அதற்கப்புறம் அவள் மாடிப் பக்கம் வரவில்லை.

ஹாலித் ஒருநாள் தனியாகப் பிடித்துக் கேட்டார். “சார், நீங்க ஒரு வார்த்தை சாரின்னு சொன்னா அவங்க திரும்ப வருவாங்க. வாங்கி வச்ச விமானப் பெட்டியெல்லாம் வித்துடறேன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க.”

“பசங்களுக்கு நானா அனுப்பினேன்? சும்மா ஒரு ஜோக்கு பாய். இதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டா எப்படி?”

“ஜோக்குதான் சார். ஆனா சிரிச்சது நாமதானே, அவங்க சிரிக்கலையே.”

முருகானந்தம் பேச்சை மாற்றிவிட்டார். ஆனால் உள்ளே உறுத்தியது. உறுத்தினால் சிலர் இறங்கி வருவார்கள், இவர் இன்னும் ஏறினார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு சின்ன ஹாலில் கண்காட்சி வைப்பதாக முடிவானதும், அதே வாம்பயரில் புதுப் பெட்டி ஒன்றை வாங்கினார். எப்படிக் கட்டவேண்டும் என்று காட்டுகிறேன் பார் என்ற வீறாப்புதான்.

உழைப்பைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட்டு, அதற்கு டேப்பை நறுக்கி பெல்ட். வெள்ளிப் பெயின்ட் ஒரு சின்னக் கீறலைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே அழிந்துவிட்டது. இறக்கையில் மஞ்சள் பட்டை கத்தியால் வகிர்ந்ததுபோல் விழுந்திருந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் சக்கரங்களை ஒட்டி, காயவிட்டு, மேஜையில் நிறுத்திக் கையை எடுத்தார்.

மூக்கு மேலே போயிற்று. வால் மேஜையில் இடித்து நின்றது.

அவசரமாக டப்பாவைத் திறந்து பார்த்தார். வாங்கி வைத்த ஈயக் குண்டுகள் அத்தனையும் உள்ளே அப்படியே கிடந்தன. சீட்டுக்கு பெல்ட் கட்டிய மும்முரத்தில் மறந்தே போயிருக்கிறார். சுபலட்சுமி பார்த்துவிட்டாளா என்று முதலில் கதவைத்தான் திரும்பிப் பார்த்தார்.

போகாமல் இருந்துவிடலாம். ஆனால் குரூப்பில் ஒரு மாதமாக அடித்த தம்பட்டம் சும்மா விடுமா? கறுப்புப் பலகை ஒன்றை எடுத்து, இன்ஸ்டன்ட் பசை ஒரு சொட்டு விட்டு, முன் சக்கரத்தை அதோடு அழுத்திப் பிடித்தார். விமானம் சமர்த்தாக நின்றது. சக்கரத்தைச் சுற்றிப் பசை வெள்ளையாகப் பூத்ததை மட்டும் மறைக்க முடியவில்லை.

மறுநாள் ஹாலில் நல்ல கூட்டம். ஹாலித் வற்புறுத்திக் கூப்பிட்டதால் இர்பானாவும் வந்திருந்தாள், வெறுங்கையோடு. முருகானந்தம் அவளைக் கவனிக்கவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் கேட்டார், “இந்த மாதிரி விமானத்துக்கு மூக்குல வெயிட் வைக்கணுமாமே சார்?”

“பின்னே? அதுதாங்க முதல் பாடம். அதைக்கூட மறந்துட்டு விமானம் கட்ட வர்றவங்களும் இருக்காங்க” என்றார். பழக்க தோஷத்தில் வந்த வார்த்தை. சிரித்துக்கொண்டே திரும்பினால், பக்கத்தில் இர்பானா.

அவள் அவரைப் பார்க்கவில்லை, முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைப் படிவு என்ன, எதற்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் முன்னால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

இர்பானா பலகையின் ஓரத்தில் அவர் பெயர் எழுதி வைத்திருந்த அட்டையை மெல்ல நகர்த்தி, சக்கரத்தை மறைத்தாற்போல் வைத்துவிட்டு அப்பால் போனாள்.

அவள் நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கடைசியில் எல்லாரும் குரூப் போட்டோவுக்கு மேஜையைச் சுற்றி நின்றபோது, பொறுக்க முடியாமல் சக்கரத்தைப் பலகையிலிருந்து பட்டென்று பிடுங்கி விமானத்தை மேஜைமேல் விட்டார். அது வாலை ஊன்றி உட்கார்ந்தது.

“நானும் வெயிட் வைக்க மறந்துட்டேங்க. ஒட்டி ஏமாத்தினேன்.”

ஹால் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். “எல்லாருக்கும் நடக்கிறதுதானே சார்!” என்று ஒருவர் தோளைத் தட்டினார். “நானே மூணு தடவை மறந்திருக்கேன்” என்றார் இன்னொருவர். “ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணும்” என்று யாரோ அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எதற்கு இந்தப் பாராட்டு என்று அவருக்கே புரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். இர்பானா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், அன்னைக்கு நான் செஞ்சது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்கம்மா.”

“பரவால்லைங்க சார்” என்றாள். படியில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். குரலில் கோபமே இல்லை. “எல்லாருக்கும் நடக்கிறதுதான்னு உள்ள எத்தனை பேர் சொன்னாங்க உங்களுக்கு. அன்னைக்கு எனக்கு அதை ஒருத்தர் சொல்லியிருந்தாக்கூடப் போதும் சார். நான் வந்துக்கிட்டே இருந்திருப்பேன்.”

போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் அவள் தெருவில் இறங்கி நடந்தாள். உள்ளே முருகானந்தத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே திரும்பிப் போக அவருக்குக் கால் எழவில்லை.