விரதத்தை முறிக்காத குளிசை

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. கோபிக்காதீர்கள், உண்மை அதுதான். வலி தாங்காமல் கடையில் குளிசை வாங்கினேன். பெட்டிக்குள் மடித்துக் கிடந்த துண்டுத்தாளை, வேறு வேலை இல்லாமல் வாசித்தேன். வயிற்றுப் புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டாம். எல்லாம் எறும்பு எழுத்தில். இதையெல்லாம் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று சிரித்தேன். பிறகு, வாசிக்காத ஒருத்தியை நினைக்கத் தொடங்கினேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்குப் புஸ்பம் என்று பெயர் வைத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் எழுந்து வந்த காலையில் புஸ்பம் கல்லடி வீட்டின் பின்புறம்

[இந்த வரியை அடித்துவிட்டேன். அலையைக் கொண்டுவந்தால், அதற்குப் பிறகு ஒரு குளிசையை யார் கவனிப்பார்கள்? ஆனால் அலை இல்லாமல் அவளுடைய முழங்கால் இல்லை.]

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சுனாமி அவள் புருஷனைக் கொண்டுபோனது. இடிந்த சுவர் வலது முழங்காலில் விழுந்தது. மிஞ்சிய ஒரே மகன் நிலோஜனோடு செங்கலடிப் பக்கம் சொந்தக்காரர் வளவில் குடிசை போட்டாள். பிறகு மகனை இயக்கம் கொண்டுபோனது. வன்னியில் இருக்கிறான் என்பதுதான் கடைசியாகக் கேள்விப்பட்டது.

3

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி. மகன் உயிரோடு வந்து சேர வேண்டும் என்று காளி கோயிலில் தீமிதிக்க நேர்ந்து, காப்புக் கட்டி, விரதம் இருந்தாள். முழங்கால்தான் மக்கர் பண்ணியது. மருந்துக்கடைக்குப் போனாள்.

"ஹலீம் நானா, கால் வலிக்கு நல்ல குளிசையாத் தாங்க."

"தாறன் புள்ள. ஆனா சோறு திண்டுட்டுத்தான் போடணும். வெறும் வயித்துல போட்டா குடல் புண்ணாகிரும்."

"ஓம் நானா."

ஓம் என்றாளே தவிர, சோற்றுக்கு எங்கே போவாள்? சோறு விரதத்தை முறிக்கும், மருந்து முறிக்காது. அதுவே அவள் நம்பிக்கை. காலையும் மாலையும் வெறும் வயிற்றில் விழுங்கினாள். கால் வலி பறந்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றே நினைத்தாள்.

(மலம் கரிபோலப் போனதையும் அவள் கவனித்தாள். பட்டினி கிடப்பதால் என்று விட்டுவிட்டாள். இந்த இடத்தில் கதைக்குள் இறங்கி அவள் கையைப் பிடிக்கத் தோன்றியது. எழுதுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

4

தீமிதிப்பு அன்று காலை வானொலி யுத்தம் முடிந்துவிட்டது என்றது. டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள். சண்டை முடிந்தால் பிள்ளைகள் வீட்டுக்குத்தானே வருவார்கள் என்று புஸ்பம் நினைத்தாள்.

பின்னேரம் கோயில் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். கோப்பித்தூள் கரைத்த மாதிரிக் கறுப்பாக வந்தது. கூடவே காப்புக் கட்டியிருந்த அயல்வீட்டுச் சின்னத்தங்கம் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, என்னகா இது? ரெத்தமா?"

"மெள்ளப் பேசுகா. ரெத்தமெண்டா துடக்கெண்டு காப்பை அறுத்து வெளிய அனுப்பிருவாங்க."

"செத்துப்போயிருவாய். வாகா, ஆசுபத்திரிக்குப் போவம்."

"இண்டைக்கு மிதிக்காட்டி அவன் வரமாட்டான். உன்ட புள்ளையெண்டா நீ என்ன செய்வாய்?"



5

முடிவு ஒன்று: சின்னத்தங்கம் கத்துகிறாள். காப்பு அறுக்கப்படுகிறது. ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைக்கிறார்கள். "நீதான்டி அவன வரவிடாமச் செய்தனி" என்று சாகும்வரை புஸ்பம் அவள் முகத்தில் விழிக்கவில்லை.

முடிவு இரண்டு: சின்னத்தங்கம் சொல்லவில்லை. புஸ்பம் தணலைக் கடந்துவிடுகிறாள். மறுகரையில் விழுகிறாள். அருள் வந்துவிட்டது என்று கும்பிடுகிறார்கள், யாரும் தூக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. [அந்தச் சிரிப்பை எழுதிய பிறகு என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.]

மூன்றாவதையும் முயன்றேன். "நிலோஜன் பஸ்ஸிலிருந்து இறங்கி

அந்த வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை. எத்தனை தரம் எழுதினாலும் அவன் இறங்குவதில்லை. அவன் எந்த முடிவிலும் வரப்போவதில்லை.

6

பறை முழங்குகிறது. புஸ்பம் வாயைத் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள். சின்னத்தங்கம் இன்னும் கிணற்றடியில் நிற்கிறாள். நிலோஜன் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகவே அவளுடைய வாயை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

யோசிக்க நேரமில்லை. புஸ்பத்துக்கு முன்னால் நின்றவர் தணலில் கால் வைத்துவிட்டார்.