முதுகு காட்டி உட்காருவது

சவப்பெட்டி வாசலைத் தாண்டியதுமே எதிர்வீட்டு ஸோயா, வழக்கப்படி, பெட்டியைத் தாங்கியிருந்த முக்காலிகளைக் கவிழ்த்துவிட்டு வாளியோடு வீட்டைக் கழுவத் தொடங்கியிருந்தாள். அந்த வேலையைச் சொந்தக்காரர்கள் செய்யக் கூடாது.

மனைவி ரயிசாவை அடக்கம் செய்துவிட்டு ஹ்ரிகோரி இடுகாட்டிலிருந்து திரும்பியபோது தரை ஈரமாக இருந்தது. வந்ததும் ஆணியில் அவளுடைய ஜாக்கெட்டைத் தேடியபடியே சொன்னார்:

"நாய்க் காப்பகத்திலேருந்து மிலா கூப்பிட்டா. ஊரைக் காலி பண்றதால எல்லா நாயையும் வண்டியில ஏத்திட்டாங்க. தீஷா மட்டும் கூண்டை விட்டு வரமாட்டேங்குதாம். ரயிசா வாசம் உள்ள துணி வேணுமாம்."

ஸோயா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"துவைச்சுட்டேண்ணே. தலையணை உறைகூட. ஜாக்கெட்டுல நாய் வாடை லேசுல போகல, ரெண்டு தடவை சோப்பு போட்டேன்."

கொடியில் ஜாக்கெட் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதன் கையை முகர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் துவைச்சிருக்கே," என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார்.

மூன்று நாட்களுக்கு முன் இதே சாலையில், நாய்களுக்குக் கஞ்சி எடுத்துப் போகும்போதுதான் ரயிசா மேல் குண்டு விழுந்தது.

மிலா காப்பக வாசலில் வானத்தைப் பார்த்தபடி நின்றாள். "மூணு மணிக்குள்ள மூடுபனி விலகிரும்ணே. அப்புறம் எதிரி ட்ரோன் பறக்கும், வண்டியை எடுக்க முடியாது. கண்ணி போட்டு இழுக்கலாம்னா பயமா இருக்கு. போன வாரம் ஒண்ணு பயத்துலயே செத்துச்சு. இன்னும் அரை மணி பாப்பேன். இல்லேன்னா விட்டுட்டுத்தான் போகணும்."

ரயிசாவின் வழி அவருக்குத் தெரியும். கூண்டுக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையில் கிடைத்ததைத் தணிந்த குரலில் வாசிப்பாள். அவர் காரிலேயே இருப்பார். "நாய்க்குப் பாடம் எடுத்தாச்சா, டீச்சர்?" என்பார். "நீயும் வந்து உக்காரேன். உனக்குப் பேச வராதுன்னு அதுக்குத் தெரியாது," என்பாள் அவள்.

இறுதிச் சடங்குக்குப் போட்ட கோட்டோடு கூண்டுக்குள் போய், மூலையில் ஒடுங்கியிருந்த தீஷாவுக்கு முதுகைக் காட்டி வைக்கோலில் உட்கார்ந்தார். கோட்டுப் பையில் இருந்தது இரவு துக்க விருந்துக்கு ஸோயா எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும். வாசித்தார்.

"கோதுமை ரெண்டு கிலோ. உலர்திராட்சை. தேன். உப்பு மீன். பீட்ரூட். கரண்டி போதும், முள்கரண்டி வைக்கக் கூடாது. ரயிசாவுக்கு ஒரு தட்டு."

மூலையில் அசைவில்லை. முதலிலிருந்து வாசித்தார். வெளியே மிலா ஒருமுறை இருமினாள். மூன்றாம் முறை கடைசி வரியை வாசிக்காமல் சீட்டை மடித்தார்.

வைக்கோல் சரசரத்தது. முதுகில், கோட்டின் மேல், ஏதோ ஒன்று மெல்லச் சாய்ந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் கழித்து, பார்க்காமலே கையைப் பின்னால் கொண்டுபோய், ஒரு காதைத் தடவி, கழுத்தைத் தேடிக் கயிற்றை மாட்டினார்.

எழுந்து, திரும்பாமல், வண்டியை நோக்கி நடந்தார். மெலிந்துகொண்டிருந்த பனியில் மிலா பின்கதவைத் திறந்து பிடித்திருந்தாள். அவர் கையில் கயிறு கடைசிவரை தொய்வாகவே இருந்தது.