பேர் சொன்னால்தான் பிரிண்ட்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சடகோபன் தன் அறையிலிருந்த பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தபோதுதான், விஷயம் இவ்வளவு தூரம் போய்விட்டது என்று காஞ்சனாவுக்கு உறைத்தது.

"இந்தாம்மா உன் ஒயரு. நாளையிலேர்ந்து நான் பஸ் ஸ்டாண்டாண்ட போயி எடுத்துக்கிறேன்."

"இன்னாங்க சார் ஆச்சு?"

"நான் எடுக்கிறது ரசீதும் நாலு லெட்டரும். எனக்கும் எல்லார் மாதிரியே ஒரு பங்கா? தினம் கலர் கலரா மேப் ஓடிகினு இருக்குதே, நானா பிளாட்டு போட்டு விக்கிறேன்?"

அவர் சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட அவள் பதில் சொல்லியிருப்பாள்.

திருத்தணியில் சித்தூர் ரோட்டு மேல் இருக்கும் அந்த மாடிக் கட்டடம் காஞ்சனாவின் மாமனார் கட்டியது. அவர் காலமான பிறகு நிர்வாகம் மூத்த மகன் கஜபதியின் கைக்குப் போனது. கீழே கடைகள். மாடியில் ஒரு வக்கீல், ஓர் ஆடிட்டர், சடகோபன். கோடி அறையில் கஜபதியின் ரியல் எஸ்டேட் ஆபீஸ். நடுவில் காஞ்சனாவின் கம்ப்யூட்டர் சென்டர். ஆளுக்கொரு பிரிண்டர் வாங்கி எதற்குப் பணத்தைக் கொட்டுவது, எல்லார் கம்ப்யூட்டரிலிருந்தும் ஒயர் இழுத்துத் தன் இரண்டு மெஷினோடு சேர்த்துவிடலாம் என்று யோசனை சொன்னவளே அவள்தான். ஒன்று கறுப்பு வெள்ளைக்கு, ஒன்று கலருக்கு. மாதக் கடைசியில் பேப்பர், டோனர், ரிப்பேர் எல்லாவற்றையும் கூட்டி, சரிசமமாகப் பங்கு போட்டு வாங்கிக்கொள்வாள்.

மெஷினோடு ஒரு சாஃப்ட்வேரும் வந்திருந்தது. மொத்தம் எத்தனை பக்கம் ஓடியது என்பதோடு அதன் அறிவு முடிந்தது. யார் ஓட்டியது, கலரா கறுப்பா, எது சிக்கிக் கிழிந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததில் காஞ்சனாவுக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. கஜபதி காசு தருவதில்லை. கணவனுக்கு அண்ணன், கட்டடத்துக்குப் பெரியவர், அவரிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய மேப்பும் நோட்டீசும் மற்றவர்கள் பங்கில் கரைந்துபோய்க்கொண்டிருந்தன.

சுருட்டி வைத்த ஒயரை அன்று முழுக்க அவள் எடுத்து உள்ளே வைக்கவில்லை. சாயங்காலம், அரக்கோணத்தில் கம்ப்யூட்டர், பிரிண்டர் வேலை செய்யும் இளம்பரிதிக்குப் போன் போட்டாள். யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்று தனித்தனியாகச் சொல்லும் சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. அந்த வாரமே இளம்பரிதி வந்து போட்டுக் கொடுத்தான். இனி ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு ரகசிய எண். கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுத்தால் உடனே தாள் வராது. எண்ணைப் போடும் வரை அது வரிசையில் காத்திருக்கும். கலருக்குத் தனி விலை, கறுப்புக்குத் தனி விலை. சிக்கிக் கிழிந்த தாள் யார் தலையிலும் விழாது. வக்கீலம்மா ஞானத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கேசுக்கும் ஆன செலவைத் தனியாகப் பிரித்துக் கட்சிக்காரரிடம் காட்டலாம் என்றதும், "இத்தினி நாள் நானே கையிலேர்ந்து போட்டுகினு இருந்தேன் காஞ்சனா" என்றார். சடகோபனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒயரை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

கஜபதிக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதைப் படிக்காமலே டீ கிளாசுக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் கோடி அறையிலிருந்து குரல் வந்தது. "காஞ்சனா, மேப்பு வரலியே."

"நம்பர் போட்டா வந்துடும் பாவா." கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எனக்கு இன்னாத்துக்கு நம்பரு?"

"சாஃப்ட்வேர் கேக்குது பாவா. நம்பர் இல்லாம அது உடாது. நான் இன்னா பண்றது?"

அந்த வார்த்தை அவளுக்கே பிடித்திருந்தது. அதை ஒரு குடையைப் போல விரித்துப் பிடித்துக்கொண்டாள். கஜபதி கேட்கும்போதெல்லாம் சாஃப்ட்வேர் உடாது. அவர் மனைவி கோயில் பிரசாதம் கொடுக்க வந்து ஜாடையாகக் கேட்டபோதும் சாஃப்ட்வேர் உடாது. திருவாலங்காடு சர்க்கரை ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்த கணவன் குருநாதன், "அண்ணன் மூஞ்சியே சரியில்ல, ஏதாவது பாத்துப் பண்ணேன்" என்றபோதும் அதையே சொன்னாள். யாரையும் எதிர்க்காமலே எதிர்த்துவிடலாம் போலிருந்தது. கஜபதியின் மேப்புகள் மட்டும் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. கே.ஜி.கண்டிகை பக்கம் கஜபதி புதிதாக லேஅவுட் போட்டிருந்தார். நகரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் காவடிக் கூட்டம் வந்து இறங்கும்போது, தமிழிலும் தெலுங்கிலும் கலர் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒரு காலையில் இளம்பரிதியையே தோளில் கைபோட்டு இட்டுக்கொண்டு அவள் அறைக்குள் வந்தார். பின்னாலேயே வக்கீலம்மாவும் சடகோபனும் எட்டிப் பார்த்தார்கள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கு மட்டும் நம்பர் கேக்காம இருக்கிறதுக்கு இதுல வழி இருக்கா, இல்லியா?"

இளம்பரிதி காஞ்சனாவைப் பார்த்தான். அவன் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. "இருக்குங்க. பேருக்கு நேரா ஒரு டிக் போட்டா போதும். கணக்குலயே வராது."

காஞ்சனாவுக்குக் காது மடல் சுட்டது. கஜபதி நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டவளை இன்னும் கொஞ்சம் தவிக்கவிடும் பொறுமை அவர் முகத்தில் இருந்தது.

"சாஃப்ட்வேர் உடாதுன்னு சொன்னியேம்மா."

"பொய் சொன்னேன் பாவா."

அப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அவளும்தான்.

"சாஃப்ட்வேர் உடும். நான்தான் உட மாட்டேன். டிக்கு போடறது என் கையிலதான் இருக்குது. போட மாட்டேன்."

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான். நீங்க எங்க ஊட்டுக்குப் பெரியவரு. ஊட்டுக்கு வாங்க, சோறு போடறேன், நின்னு பரிமாறறேன். ஆனா உங்க மேப்புக்கு சடகோபன் சார் எதுக்கோசரம் காசு குடுக்கணும்? இத்தினி நாள் உங்ககிட்ட கேக்க பயந்துகினு அவங்ககிட்ட வாங்கினேன். இனிமே வாங்க மாட்டேன்."

வாசலில் நின்ற சடகோபன் தலையைக் குனிந்துகொண்டார். கஜபதி எழுந்தார். "அப்ப ரூமைக் காலி பண்ணு. கிருத்திகைக்குள்ள காலியாவணும்."

"ஆங். பண்றேன்."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். இளம்பரிதி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, "மேடம், நான் வேணும்னு சொல்லலீங்க" என்றான். "நீ உண்மையதான சொன்ன. நல்லதாப் போச்சு" என்றாள். நிஜமாகவே அவளுக்கு அப்படித்தான் இருந்தது. நாள் கணக்கில் குடை பிடித்த கை ஓய்ந்துபோய், இப்போது கீழே போட்டுவிட்டது போல.

குருநாதன் சாயங்காலம் ஆடிப்போனான். "உனக்கு மாமனாராட்டம் இருக்கிற மனுஷன். போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு."

"நீங்க வேணும்னா போங்க. எதிர்ல மெஸ்ஸுக்கு மேல ரூம் பேசிட்டேன். சாவி இதோ."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை எதிர்த்து அவனும், அண்ணனை எதிர்த்து அவளும் ஒன்றும் செய்ததில்லை. கடைசியில், "மெஷினை நீ தூக்காத, இடுப்பு புடிச்சுக்கும்" என்றான்.

மெஷின்கள் மறுநாளே ரோட்டைக் கடந்தன. மற்றவர்கள் அறைகளிலிருந்து வரும் ஒயர்தான் இன்னும் கடக்க வேண்டியிருந்தது. கேபிள் டிவி போடும் பங்காருவைக் கூப்பிட்டாள். அவன் மெஸ் மாடியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, காவடி தூக்கினாலும் தட்டாத உயரத்தில் சித்தூர் ரோட்டுக்கு மேலாக ஒயரை இழுத்தான். பழைய கட்டடத்தின் பக்கம் கட்டப் போகும்போது கஜபதி கீழே வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு என் பில்டிங்ல ஒயரைக் கட்டற?"

பங்காரு ஏணியில் பாதியில் நின்றுவிட்டான். மேலே ஜன்னல் திறந்தது. வக்கீலம்மா ஞானம் தலையை நீட்டினார்.

"என்னைக் கேட்டு. இது நான் வாடகை குடுக்கிற ஜன்னலு. நீ கட்டுப்பா. பில்டிங்ல கட்டாத, என் ஜன்னல் கம்பில கட்டு."

கஜபதி சுற்றும்முற்றும் பார்த்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் மாடியில் காஞ்சனா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நேராக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் அவர் நிமிர்ந்தால் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவாள். அன்று போகவில்லை. அவர்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கிருத்திகை வந்தது. மலையிலிருந்து ஒலிபெருக்கி ஓயாமல் பாடியது. ஒயருக்குக் கீழே மஞ்சள் வேட்டிகளும் பூக்காவடிகளும் நகர்ந்துகொண்டே இருந்தன. காவடிச் சங்கத்துக்காரர்கள் தெலுங்கில் அன்னதான நோட்டீஸ் அடிக்கப் படியேறி வந்தார்கள். காஞ்சனாவுக்குச் சாப்பிட நேரமில்லை. குருநாதன் லீவு போட்டுவிட்டுப் பேப்பர் கட்டுகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் அவன் செல்போன் அடித்தது. கீழே இறங்கிப் போனவன் கையில் ஒரு சிடியோடு திரும்பினான். மேஜைக்கு எதிரே நின்றான்.

"அரக்கோணம் பிரஸ்ஸுல கூட்டமாம். நோட்டீசை நாளைக்குத்தான் தருவாங்களாம். என் பேர்ல எடுத்துக் குடுக்கச் சொல்றாரு அண்ணன்."

காஞ்சனாவின் கை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த சிடியைப் பார்த்தான். ஜன்னல் வழியே எதிர் மாடியைப் பார்த்தான். அங்கே கஜபதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

குருநாதன் மறுபடியும் படியிறங்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் ரோட்டைக் கடப்பதை அவள் பார்த்தாள். எதிர் மாடிக்கு ஏறி அண்ணனிடம் சிடியை நீட்டி அவன் என்னவோ சொன்னான். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கஜபதி அதை வாங்காமல் நெடுநேரம் நின்றார். பிறகு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"இன்னா சொன்னீங்க?" திரும்பி வந்தவனிடம் கேட்டாள்.

"உனக்குன்னு ஒரு பேர் இருக்குதுண்ணா, அதுலயே எடுத்துக்கோன்னேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேப்பர் கட்டைப் பிரித்தான்.