துரை வீட்டுப் பேச்சு

காலண்டர் அட்டையைக் கத்தரித்துச் செய்த எழுத்துகள் கூடத்துப் பாயெங்கும் சிதறிக் கிடந்தன. பாலகுரு 'அ' அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு 'ம்' அட்டையைத் தேடினான். இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? கையிலிருந்ததைக் கடித்தான், துப்பினான், மறுபடி தேடினான்.

"தம்பி உட்கார்ந்திருக்கீங்களே, அதுக்கு அடியில பாருங்க" என்றாள் அஞ்சுகம்.

எழுந்து பார்த்தான். இருந்தது. அ, ம், மா என்று வரிசையாக வைத்துவிட்டு, "அம்மா!" என்று கத்தினான். பிள்ளை கூப்பிடுகிறான் என்று நினைத்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சொர்ணாம்பாள், பாயில் இருந்ததைப் பார்த்ததும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடேயப்பா! கூட்டிப் படிக்கிறானே டீச்சர்!"

நாலு மாதமாகக் கேட்கிறாள், அந்த 'டீச்சர்' இன்னும் அஞ்சுகத்துக்குப் பழகவில்லை. கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஏதோ குளுகுளுவென்று ஓடியது. கையை மட்டும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இருபது வருஷம் சாம்பலும் சோடாவும் தின்ற கை. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. டீச்சர் கை அப்படியா இருக்கும்?

நெரவியிலிருந்து தினமும் காலையில் நடந்தே கோவில்பத்துக்கு வந்துவிடுவாள். பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்கிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. அவன் ஓடுகிற இடத்துக்கெல்லாம் எழுத்து போகும். கதவில் 'க', பானையில் 'பா', சன்னல் கம்பியில் 'ச' என்று சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டிவிட்டிருந்தாள். அவன் கதவைத் திறக்கும்போது 'க'வைத் தொட்டுவிட்டுத்தான் திறப்பான். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளாகக் கண்டுபிடித்தது.

ஆனால் அவளை வேலைக்கு வைத்தது தமிழுக்காக இல்லை, பிரெஞ்சுக்காக. சொர்ணாம்பாளின் அண்ணன் திருஞானசம்பந்தம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரெஞ்சு நாட்டிலேயே தங்கிவிட்டவர். பிள்ளை இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருவதாகவும், தங்கை மகனைப் பிடித்துப்போனால் அங்கே கூட்டிப்போய்ப் படிக்கவைக்கலாம் என்று நினைப்பதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து சொர்ணாம்பாளுக்குத் தூக்கம் இல்லை. மாமா வரும்போது பிள்ளை வாயில் நாலு பிரெஞ்சு வார்த்தையாவது வர வேண்டும். அவள் புருஷன் கைலாசநாதன் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. ஊரெல்லாம் விசாரித்தார். நெரவியில் அஞ்சுகம் என்று ஒருத்தி பிரெஞ்சு பேசுவாள் என்று யாரோ சொன்னார்கள்.

"எங்க படிச்சீங்க?" என்று முதல் நாள் சொர்ணாம்பாள் கேட்டாள்.

"துரை வீட்டுலங்கம்மா. அவங்க புள்ளைங்களோட புள்ளையா இருந்து படிச்சேன்."

சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. எட்டு வயதில் துரை வீட்டில் தரை துடைக்கப் போனாள். ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறின வருஷம் அவளுக்குப் பதினேழு. ஒன்பது வருஷம் காதில் விழுந்ததெல்லாம் பிரெஞ்சுதான். அது பொய் இல்லையே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

பத்துப்பாத்திரம் தேய்த்த மூன்று வீட்டையும் அந்த வாரமே விட்டாள். கோவில்பத்தில் இன்னும் இரண்டு வீட்டில், "மாமா முன்னால பாலகுரு எப்படிப் பேசுறான்னு பார்த்துட்டு எங்க புள்ளைக்கும் சொல்லிக்குடுங்க" என்று சொல்லிவைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் ஞானசௌந்தரி, பள்ளிக்கூடத்துப் பாரத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'ஆசிரியை' என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். "ஏண்டி இப்புடி எழுதுன?" என்று அஞ்சுகம் அதட்டினாள். மகள் போன பிறகு சிரித்துக்கொண்டாள்.

பிரெஞ்சுப் பாடம் விளையாட்டாக நடந்தது. அஞ்சுகம் இரண்டு தரம் கை தட்டி, "வீத்! வீத்!" என்பாள். சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். பாலகுரு விழுந்தடித்து ஓடிவருவான். "ரமாஸ்!" என்றால் கீழே கிடப்பதைப் பொறுக்க வேண்டும். "தே துவா!" என்றால் வாயை மூட வேண்டும். பிறகு முறை மாறும். அவன் கை தட்டுவான், அவள் ஓடுவாள். அவனுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். "டீச்சல், ரமாஸ்!" என்று அட்டைகளை வேண்டுமென்றே இறைத்துவிட்டு, அவள் குனிந்து பொறுக்குவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பான். அவளும் "வுய், முசியே!" என்று பொறுக்குவாள். சரிங்க ஐயா என்று அர்த்தம்.

துரை வீட்டில் உதைத்துக்கொண்டே சொன்ன வார்த்தைகளையெல்லாம் அவள் ஒதுக்கிவிட்டாள். திட்டு என்று தெரிந்த ஒன்றைக்கூடப் பிள்ளை வாயில் போடவில்லை. மிச்சம் இருந்ததில் நல்லதாகப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

தை பிறந்து இரண்டாம் நாள் திருஞானசம்பந்தம் வாடகைக் காரில் வந்து இறங்கினார். கோட்டு, தொப்பி, தங்கப் பல். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பாத்திரம் தேய்க்கிற அல்லி பிரசவத்துக்குப் போயிருந்ததால் சொர்ணாம்பாள் விடியற்காலையிலிருந்து ஒண்டியாக மல்லுக்கட்டினாள். அப்படியும் அஞ்சுகத்தை ஒரு வேலை செய்யவிடவில்லை.

"நீங்க உட்காருங்க டீச்சர். புள்ள பயப்படாம பேசணும், அது போதும்" என்று நாற்காலி போட்டு, காப்பியும் கொடுத்தாள். அஞ்சுகம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மகளுடைய பள்ளிக்கூடத்து டீச்சர்களைப் போல மடிப்பு வைத்துச் சேலை கட்டியிருந்தாள்.

முதலில் தமிழ் நடந்தது. பாலகுரு அ, ம், மா வைத்தான். ப, ட, ம் வைத்தான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"அது நம்ம வீட்டு மூளை, மச்சான். தானா வருது" என்றார் கைலாசநாதன்.

மைத்துனர் சிரித்தார். மடியில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு நழுவித் தரையில் விழுந்தது. பாலகுருவுக்கு அது போதும். எழுந்து நின்று இரண்டு தரம் கை தட்டினான்.

"ரமாஸ்! வீத்! வீத்!"

திருஞானசம்பந்தம் குனிந்துவிட்டார். யோசிக்கக்கூட இல்லை. அறுபது வயதுக்காரர், கோட்டும் தொப்பியுமாக, சொன்ன மாத்திரத்தில் குனிந்து கூட்டைப் பொறுக்கிக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றார்.

"பார்த்தீங்களா! மாமாவுக்குப் புரிஞ்சிடுச்சு!" என்று யாரோ கத்த, கூடமே கை தட்டியது. சொர்ணாம்பாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அஞ்சுகம் கை தட்டவில்லை. அந்தக் குனிதல் அவளுக்குத் தெரியும். அவளுடைய முதுகுக்கே தெரியும். பட்டாளத்தில் இவர் துப்பாக்கி பிடித்தாரோ என்னவோ, யாருக்கோ பூட்ஸ் துடைத்திருக்கிறார், எச்சில் தட்டு எடுத்திருக்கிறார். அவள் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். அவர் முகம் கறுத்தது.

"யாரு இவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"டீச்சர்தான் அண்ணே. துரை புள்ளைங்களோட படிச்சவங்க" என்றாள் சொர்ணாம்பாள் பெருமையாக.

அவர் அஞ்சுகத்தின் முன்னால் வந்து நின்றார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மெதுவாக, மரியாதையாக, கடைசியில் 'மதாம்' போட்டுக் கேட்டார். அஞ்சுகத்துக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் பிடிபட்டது.

"வுய், முசியே" என்றாள்.

"என்ன வுய்? நான் என்ன கேட்டேன், சொல்லு பார்ப்போம்."

அவள் தலை குனிந்தது.

"சௌக்கியமா இருக்கீங்களா அம்மான்னு கேட்டேன். அங்க கைப்புள்ளைக்குக்கூடத் தெரியும் இது."

துரை வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தாள். ஒருவர்கூட அவளை அப்படிக் கேட்டதில்லை.

"இவ படிச்சவ இல்ல சொர்ணம். தொடப்பக்கட்டை புடிச்சவ" என்றார் திருஞானசம்பந்தம். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலைக்காரங்ககிட்ட பேசுற பேச்சு. ஏய், எடு, ஓடு, வாயை மூடு. இதைப் பேசிக்கிட்டு அங்க வந்தான்னா என் மானம் போயிடும்."

'அப்போ உங்களுக்கு எப்படிங்க ஐயா அவ்வளவு சீக்கிரம் குனிய வந்துச்சு?' கேள்வி அவள் தொண்டை வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றது. கேட்டிருந்தால் அவருக்கும் இதே கூடத்தில் இதே கதிதான். அவர் கண்ணில் அந்தப் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.  அஞ்சுகத்துக்கு வெட்கம் காது நுனிவரை கொதித்தது. பொய் சொன்னவள் அவள்தானே.

"அம்மா, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க" என்றாள் சொர்ணாம்பாளைப் பார்த்து. "நல்லதுன்னு நெனைச்சுத்தான் சொல்லிக்குடுத்தேன். தமிழ் எழுத்தாவது..."

"எழுத்தைப் பத்திப் பேசாத. அது அவன் மூளை" என்றார் கைலாசநாதன்.

புள்ளையைச் சேர்க்கிறேன் என்று சொல்லிவைத்திருந்த இரண்டு வீட்டுப் பெண்களும் சன்னல் ஓரமாக நின்றிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அஞ்சுகம் பாயில் குனிந்து அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினாள். பாலகுருவுக்கு விளையாட்டு ஆரம்பித்துவிட்டது என்று ஒரே சந்தோஷம். அடுக்கியதைத் தட்டிவிட்டான். மறுபடியும் பொறுக்கினாள்.

வாசல் பக்கம் போகத் திரும்பியவளைச் சொர்ணாம்பாள் நிறுத்தினாள். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் முன்னால் பட்ட அவமானத்தை இறக்கிவைக்க அவளுக்கு வேறு ஆள் இல்லை.

"எங்க போற? சாப்பாடு முடிஞ்சதும் பாத்திரம் மலை மாதிரி குவியும். அல்லியும் இல்ல. தேய்ச்சுக் குடுத்துட்டுப் போ. தெரிஞ்ச வேலைதானே."

 அஞ்சுகம் விட்டுவிட்டு வந்த மூன்று வீட்டிலும் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். வாசல் பக்கம் போனால் அத்தனை பேர் கண்ணையும் கடக்க வேண்டும். சமையற்கட்டு வழியாகக் கொல்லைக்குப் போனாள். சேலை மடிப்பை அவிழ்த்துத் தூக்கிச் செருகினாள்.

கிணற்றடியில் அண்டா, குண்டான், இலைக்குப் பதில் போட்ட தட்டுகள் எல்லாம் வந்து வந்து குவிந்தன. சாம்பலையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு குந்தினாள். காலையில் அவளுக்குக் காப்பி கொடுத்த டம்ளரும் அந்தக் குவியலில் இருந்தது. முதலில் அதைத் தேய்த்துக் கவிழ்த்தாள். சாம்பல் பட்டதும் வெடிப்பு எரிந்தது. நாலு மாதத்தில் கொஞ்சம் மூடியிருந்த வெடிப்புதான்.

ஞானசௌந்தரி அந்தப் பள்ளிக்கூடத்துப் பாரத்தை என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டாள். அடித்து எழுதக் கேட்பார்களா?

கொல்லைக் கதவண்டை பாலகுரு வந்து நின்றான். கதவிலிருந்த 'க'வை ஒரு தரம் தொட்டான்.

"டீச்சல்!"

உள்ளேயிருந்து சொர்ணாம்பாள் சத்தம் போட்டாள். "டீச்சர் இல்லடா. அஞ்சுகம்னு கூப்புடு."

பிள்ளை கொஞ்சம் யோசித்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு கையையும் விரித்துத் தட்டினான்.

"அஞ்சுகம்! வீத்! வீத்!"

"வுய், முசியே" என்றாள் அஞ்சுகம். குண்டானுக்குள் அவள் கை வேகமாகச் சுழன்றது.