சுவரின் சொல் கேளாத கோடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. கவிதையால் என்ன ஐயா ஆகும், ஒரு தேங்காய்கூட உடையாது என்றார் நண்பர் ஒருவர். எனக்குப் பொல்லாத கோபம். கவிதை ஒருத்தியின் கண்ணைத் திறக்கும் என்று காட்டவே, வன்னியில் முள்ளியவளைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இராசமலரைக் கொண்டுவந்து இருத்தினேன். வருடம் 2003. இப்போது அவள் என் பேச்சைக் கேட்பதாயில்லை.

2

அன்றிரவு நிலவு— (வேண்டாம். நிலவில்லாமல் தொடங்கத் தெரியாத வியாதி எனக்கு.)

அந்த வீடு இராசமலருடையது அல்ல. வசாவிளானில் அவளுக்கிருந்த வீடு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. இடம்பெயர்ந்து வந்து, வெறுமையாய்க் கிடந்த இந்த வீட்டில் கணவன் யோகநாதனோடு குடியேறினாள். முஸ்லிம் ஆக்களின் வீடு, தொண்ணூறில் புலிகளால் வடக்கை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள் என்று தெரியும். அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை. நடு அறைத் தரையில் சுவரோடு சேராமல் கோணலாக ஒரு கோடு. வீடு கட்டிய மேசன் குடிவெறியில் இழுத்திருப்பான் என்று சிரித்து, அதன்மேல் நெல் மூட்டையை வைத்தாள்.

3

போர்நிறுத்தத்தில் பாதை திறந்தபின் வவுனியாவிலிருந்து வந்த ஞாயிற்றுப் பத்திரிகையில் ஒரு கவிதை. எழுதியவர் றிம்ஸியா, புத்தளம் அகதி முகாம்.

தொழும் திசைக்கு வாப்பா இழுத்த கோடு
சுவரின் சொல் கேளாது.
அதன்மேல் இப்போது
யாருடைய நெல் மூட்டை?

இராசமலர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். மூட்டையை இழுத்து ஓரமாக விட்டாள். கோட்டை ஈரத்துணியால் துடைத்தாள். திரும்ப வந்து வாசித்தாள். கீழே இன்னொரு வரி இருந்தது.

மூட்டையை நகர்த்தியவளே, இனி என்ன செய்வாய்?

(வாசகரே, முதல் நான்கு வரிகள் என்னுடையவை. ஐந்தாவதை நான் எழுதவில்லை.)

4

"இஞ்சருங்கோ, கடைசி வரியை வாசியுங்கோ."

"நெல் மூட்டை எண்டு முடியுது. அதுக்கென்ன?" என்றான் யோகநாதன்.

"அதுக்குக் கீழை?"

"கீழை ஒண்டுமில்லை. பேய்க்கதை கதையாதை. அவையள் வந்து கேட்டால் நாங்கள் எங்கை போறது? ஒரு வீடு போனது காணாதே? பேப்பரை அடுப்பிலை வை."

"வசாவிளானிலை என்ரை குசினி அடுப்படியிலை இப்ப ஆர் நிக்கினம்?"

தன் வீட்டை நினைத்து எத்தனையோ தரம் அழுதவள் அவள். இன்னொருத்தியும் இப்படித்தான் அழுதிருப்பாள் என்று அன்றுதான் கண்டாள். யோகநாதன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். (அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவனைக் கெட்டவனாக்க நான் பட்ட பாடு வீண்.)

5

முடிவு ஒன்று: றிம்ஸியா வருகிறாள். இருவரும் கட்டிப்பிடித்து அழு— (பச்சைப் பொய். எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: கதவு தட்டப்படுகிறது.

சினிமாத்தனம் என்று அதையும் அடித்துவிட்டேன். ஆனால் இராசமலருக்குக் கேட்டுவிட்டது. அகப்பையும் கையுமாகக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். திறந்தால் இந்த வீடும் போகலாம். திறக்காவிட்டால் அந்த ஐந்தாவது வரியோடு காலம் முழுக்கத் தனியே குடியிருக்க வேண்டும்.

நான் அடித்துவிட்ட அந்தத் தட்டல் மறுபடி கேட்கிறது. பிறகு, நான் எழுதாத ஒரு பெண்குரல். படலையில் நின்று எவரும் கூப்பிடுகிற மாதிரியே, மரியாதையாக:

"வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!"

ஓம், நான்தான் என்று சொல்ல இராசமலருக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா?