பிரபு வைத்த காவல்

ஆரோக்கிய பிரபுவின் பிரவுசிங் சென்டர் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கதவு திறந்திருந்தால் கண்ணில் படத்தானே செய்யும்?

அங்கிருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒயர் போட்டு இணைத்திருந்தான். பையன்கள் களவாக கேம் ஏற்றி ஆட, மற்ற வேலைகள் நொண்டின. பிரபு சும்மா விடுவானா? தன் மேசைக் கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதினான். அது அடிக்கடி மற்ற கம்ப்யூட்டர்களுக்குள் எட்டிப் பார்க்கும். எந்த புரோகிராம் மெமரியை அளவுமீறித் தின்கிறதோ அதைக் கேட்காமலே மூடிவிடும்.

"எனக்கே போட்டியா ஒண்ணு வெச்சிட்டியேப்பா" என்றேன்.

"உங்க அளவுக்கு வராதுக்கா. இது பாக்கும், மூடும். வெளிய போய்ச் சொல்லாது."

எங்கள் மரக்காணத்து கரண்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உப்புக் காற்று படிந்த கம்பியில் காலைப் பனி இறங்கினால் பொசுக்கென்று போகும், வரும். அதனால் கரண்ட் வந்ததும் தன் கம்ப்யூட்டர் தானே எழுந்து, ஸ்கிரிப்ட்டும் தானே ஓடும்படி செய்திருந்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தெருவுக்கே சொல்லியாகிவிட்டது.

உப்பளத் தொழிலாளி கலியனின் மகள் ரேணுகாவுக்கு ஒரு சென்னைக் கம்பெனியின் ஆன்லைன் பரீட்சை; பிரபுவின் சென்டரில்தான் எழுத வந்தாள். தேறினால் வேலை, நடுவில் மூடினால் மறுபடி திறக்காது. கேமரா வழியே முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தப் பரீட்சை, கேமைவிட அதிகம் மெமரி தின்னும். பிரபு முதல் வேலையாக ஸ்கிரிப்ட்டை நிறுத்தினான். தன் மேசையிலிருந்த யூபிஎஸ்ஸையும் கழற்றி அவள் கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் மாட்டினான். நல்ல மனசுதான்.

நான் ரேஷன் கார்டு வேலை என்ற சாக்கில் உள்ளேயே இருந்தேன். கரண்ட் போனது. பிரபுவின் கம்ப்யூட்டர் அணைந்தது. ரேணுகா தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பிரபு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். கரண்ட் வந்தது. அவன் கம்ப்யூட்டர் எழுந்தது. ஸ்கிரிப்ட்டும் கூடவே எழுந்து, எட்டிப் பார்த்து, அவள் பரீட்சையை மூடியது.

"அண்ணா, ஸ்கிரீன் போயிடுச்சு!"

பிரபு கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சினான். ஒருத்தருக்கு ஒரு தடவைதான் என்று போனை வைத்துவிட்டார்கள். கலியன் ஓடிவந்து கரண்ட்டைத் திட்டினார். அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான்கூட வாயைத் திறக்கவில்லை, நம்புங்கள்.

"கரண்ட்டால இல்ல ரேணுகா. என் ஸ்கிரிப்ட்டுதான் மூடுச்சு."

"நிறுத்துனியேண்ணா?"

"நிறுத்துனேன். கரண்ட் வந்தா எழுந்துக்கன்னு சொல்லி வெச்சத மறந்துட்டேன்."

"யூபிஎஸ் தரலன்னா கரண்ட்லயே போயிருக்கும். வுடுண்ணா."

"ஒரே ஒரு வரிம்மா. அத அழிச்சிருந்தா போதும்."

ரேணுகா இப்போது உப்பு பாக்கெட் போடும் இடத்துக்கு வேலைக்குப் போகிறாள். பிரபு ஸ்கிரிப்ட்டையே அழித்துவிட்டான். பையன்கள் சத்தமாக கேம் ஆடினாலும் ஏனென்று கேட்பதில்லை. அவள் தெருவில் வரும் நேரத்தில் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதன் பின்னால் நிற்கிறான். இங்கிருந்து எனக்கே அவன் கால்கள் தெரிகின்றன; பக்கத்தில் நடந்துபோகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்?