இன்னும் மேல் ரகம்

நடுத்தர விலை ஹெட்போனில் பாட்டு மட்டும்தான் கேட்கும். அதற்கு மேல் காசு போட்டால், பாட்டுக்குப் பின்னால் நின்று பேசுபவர்களும் கேட்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தணிகாசலத்துக்கும் தெரியும். இத்தனை நாள் அவருக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது தேவைப்பட்டது. அவர் ஹெட்போனை மாட்டியதும் மனைவி வசுமதி சமையலறைக்குள் போவாள். எட்டிப் பார்த்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். குக்கர் மட்டும் இருக்கும். கழற்றி வைத்தால் காபியோடு வருவாள்.

"எங்க போயிருந்தே?"

"இங்கதானே இருக்கேன். நீங்க பாட்டைக் கேளுங்க."

அந்தப் பதில் அவருக்குச் சரியாகப் படவில்லை. பஸ் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனார்.

கடைக்காரர் யூசுப் பழைய ஹெட்போனை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. எதுக்கு சார் மாத்தறீங்க?"

"இதுல பாட்டு மட்டும்தான் கேக்குது. பின்னால பேசறது யாருன்னு தெரியணும்."

"வீட்லயா, வெளியிலயா?"

"வீட்லதான்."

யூசுப் ஷட்டரைப் பாதி இறக்கினார். "உங்க பாட்டைச் சொல்லுங்க. பழகின பாட்டாப் போட்டாத்தான் வித்தியாசம் தெரியும்."

தணிகாசலம் தினமும் கேட்கும் பாட்டைச் சொன்னார். முதல் ஹெட்போனில், வயலினுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"பொம்பளைச் செருப்பா?" என்றார் யூசுப்.

"தெரியலை."

"அப்ப இன்னும் மேல போகணும்."

அடுத்தது கனமாக இருந்தது. பல்லவி முடிவதற்குள் வசுமதியின் குரல் வந்துவிட்டது, வளையல் சத்தத்தோடு.

"இப்ப இருக்கறது மோசம்னு சொல்ல மாட்டேன். ஓடுது. ஆனா நான் சொல்றது பாதிதான் உள்ள போகுது."

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க மேடம்?" என்றது ஓர் ஆண்குரல்.

"கல்யாணத்துலேர்ந்து."

தணிகாசலம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அவ ஏதோ ஒரு கடையில இருக்கா," என்றார்.

"எல்லாரும் ஏதோ ஒரு கடையிலதான் சார் இருக்காங்க. இதையே பில் போட்டுடவா?"

"இருய்யா. அவ வாங்கறாளான்னு பாக்கறேன்."

அந்த ஆண்குரல் தொடர்ந்தது. "பேங்க் மேனேஜர் ஒண்ணு வந்திருக்கு மேடம். தானே எழுந்து போய்த் தண்ணி குடிச்சுக்கும். குறட்டை கிடையாது. சும்மா பேசிப் பாருங்க."

சரணம் தொடங்கியது. வசுமதி யாரோடோ சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தணிகாசலம் வீட்டில் கேட்டதே இல்லை. அல்லது பழைய ஹெட்போனில் அது வரவில்லை.

"வசு!" என்று கத்தினார். தெருவில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுக்குள் யாரும் திரும்பவில்லை.

"பழசைக் குடுக்கறதா இருந்தா, ஒரிஜினல் பெட்டி இருக்கா மேடம்?"

"இருக்கு. பரண்மேல."

பரணில் ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி இருந்தது. சீராக வந்த பித்தளைப் பாத்திரம் என்று சொல்லியிருந்தாள். அதைத் திறக்க அவரை ஒருநாளும் விட்டதில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. யூசுப் டார்ச்சோடு நின்றிருந்தார். அவர் முகத்தில் வியாபாரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க சார். கீறல் இருக்கான்னு பாக்கச் சொல்றாங்க."

வசுமதி இன்னும் முடிவு சொல்லவில்லை. தணிகாசலம் சட்டைக் காலரைச் சரிசெய்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வெளிச்சத்தில் போய் நின்றார்.